ஆவடித் தீர்மானத்திலிருந்து போட்டிச் சட்டம் வரை

1955ஆம் வருஷம் ஜனவரி மாதம், சென்னைக்கு மேற்கே ஆவடியில் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டு எழுப்பிய பந்தலில், உ. ந. தேபரின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, தேசத்தில் வகுக்கப்படும் திட்டங்களெல்லாம் சோஷலிஸ பாணி சமுதாயத்தையே இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி மேன்மேலும் பெருக வேண்டும், பெருகிய செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பவை அதன் சாரம். அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே அமலுக்கு வந்துவிட்ட அரசியல் சாசனமும், பொருளாதார அமைப்பின் இயக்கத்தால் செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுநலத்துக்குக் கேடு விளையும்படி ஓரிடத்தில் குவிந்துவிடலாகாது என்று தன் 39ஆவது பிரிவில் அரசுக்கு நெறி கூறியிருந்தது. ஆவடித் தீர்மானத்தை இன்று நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலிருந்து கிளைத்த வேறொரு சிந்தனை, ஏகபோக விசாரணைக் கமிஷனின் வழியாகவும் 1969ஆம் வருஷத்து ஏகபோகத் தடைச் சட்டத்தின் வழியாகவும் நடந்து, பல திருத்தங்களையும் ஒரு பெரிய மனமாற்றத்தையும் கண்டு, இன்றைய போட்டிச் சட்டத்தில் வந்து சேர்ந்திருப்பதை அவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது, யாருடைய க்ஷேமத்தை நாடுகிறது என்ற கேள்வியே இக்கட்டுரையின் விஷயம்.

சென்னையின் மேற்குப் புறத்தில் வாழ்கிறவர்களுக்கு இக்கேள்வி மிக அருகிலிருப்பது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் தன் ஆலையை அமைத்தது. 1960களில் பாடியில் பிரேக், சக்கரம், மின்சாதனம் முதலிய மோட்டார் உறுப்புகளைச் செய்யும் பெரிய ஆலைகள் வரிசையாக எழுந்தன. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்குகள் வெளிவந்தன. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் கிண்டியில் பிறந்த தொழிற்பேட்டை என்ற யோசனை, 1960களில் அம்பத்தூரில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்தபோது, லேத் இரண்டும் டிரில்லிங் இயந்திரம் ஒன்றும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்க நினைத்தவனுக்கும் கூரையும் மின்சாரமும் சாலையும் கிடைத்தன. எஸ்டேட் என்ற ஒரே சொல்லால் இன்றும் ஊரார் குறிப்பிடும் அந்த இடத்தில், வார்ப்பு, கடைசல், பிரஸ் வேலை, முலாம், ஹீட் ட்ரீட்மெண்ட் என்று ஒன்றையொன்று சார்ந்த நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருக்கின்றன. அவற்றுள் பல, பெரிய கம்பெனிகளின் வரைபடத்துக்கு ஏற்ப ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவை. ஆகவே பெரியவனுக்கும் சிறியவனுக்கும், விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலான பலத்தின் அளவு என்ன என்பதை அவர்கள் ஒவ்வொரு பில்லிலும் உணர்கிறார்கள்.

ஆவடிக்குப் பிறகு நடந்ததைச் சற்றே பார்ப்போம். திட்டங்களால் விளைந்த வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆராய 1960இல் நியமிக்கப்பட்ட மகலனோபிஸ் குழு, திட்டமிட்ட வளர்ச்சியே பெரிய நிறுவனங்களை மேலும் பெரிதாக்கியிருக்கிறது என்று 1964இல் கூறியது. அதே வருஷம் நீதிபதி கே. சி. தாஸ் குப்தாவின் தலைமையில் அமைக்கப்பட்ட ஏகபோக விசாரணைக் கமிஷன், 75 வணிகக் குடும்பங்களின் கையில் தேசத்தின் தனியார் கம்பெனிச் சொத்துக்களில் ஏறத்தாழப் பாதி இருப்பதை அடுத்த வருஷம் எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1969இல் சட்டம் நிறைவேறி, 1970 ஜூன் முதல் அமலாயிற்று. ஒரு குழுமத்தின் சொத்து 20 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டால், அது புது ஆலை தொடங்குவதற்கும் உள்ள ஆலையை விரிப்பதற்கும் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதுகெலும்பு.

நோக்கம் உத்தமமானது, உபாயம் தவறியது. அளவில் பெரிதாக இருப்பதையே குற்றமாகக் கருதி, வளர்வதற்கு அனுமதி கேட்கச் செய்த இடத்தில், அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஆலையைக் கட்டாமலே பிறரைத் தடுக்கும் சாமர்த்தியமும் பிறந்தது. லைசென்சுகளைப் பெரிய குழுமங்கள் இவ்வாறு வளைத்துக்கொண்டதைப் பேராசிரியர் ஹஸாரியின் அறிக்கை அந்தச் சட்டம் பிறப்பதற்கு முன்பே காட்டியிருந்தது. போட்டியாளன் புகுவதற்கு இருக்கும் தடையே ஏகபோகத்தின் உயிர் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் முதற்பாடங்களில் ஒன்று. அந்தத் தடையை அரசே கட்டிக்கொடுத்துவிட்டு, பின்னர் ஏகபோகத்தை விசாரிக்கக் கமிஷன் வைத்தது விசித்திரமான நிலைமையாயிற்று. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன. 1991இல் அந்த அனுமதி முறை நீக்கப்பட்டது. 1999இல் அமைக்கப்பட்ட எஸ். வி. எஸ். ராகவன் குழுவின் யோசனைப்படி 2002இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டு, 2009 மே மாதத்தில்தான் அதன் முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. பெரிதாக இருப்பது இப்போது குற்றமல்ல. பெரிய பலத்தைக் கொண்டு சந்தையின் கதவை அடைப்பதும், போட்டியிட வேண்டியவர்கள் கூடிப் பேசி விலையைத் தீர்மானிப்பதுமே குற்றங்கள்.

இனி, ஏகபோகத்தால் சமுதாயத்துக்கு விளையும் நஷ்டம் எத்தகையது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் இங்கேதான் பொதுப்புத்திக்கும் பொருளாதார சாஸ்திரத்துக்கும் சிறிது வேறுபாடு இருக்கிறது. செய்வதற்கு 100 ரூபாய் ஆகும் ஒரு பொருளை, போட்டி இருந்தால் 110 ரூபாய்க்கு விற்பார்கள், போட்டி இல்லாவிட்டால் 160 ரூபாய்க்கு விற்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 160 கொடுத்து வாங்குகிறவனுடைய சட்டைப் பையிலிருந்து 50 ரூபாய் கூடுதலாகப் போகிறது. அது அநியாயம்தான் என்றாலும், அந்த ஐம்பது ரூபாய் மறைந்துபோய்விடவில்லை, விற்றவனுடைய பெட்டியில் இருக்கிறது. ஆனால் 130 ரூபாய் வரையில் கொடுக்கத் தயாராக இருந்து, 160 என்று கேட்டதும் வாங்காமலே திரும்பிப் போனவன் ஒருவன் இருக்கிறானே, அவன் இழந்தது எவருடைய பெட்டியிலும் சேரவில்லை. அவனுக்காகச் செய்யப்பட வேண்டிய பொருள் செய்யப்படவில்லை. அதைச் செய்யும் தொழிலாளிக்கு அந்த நாளின் வேலை கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது வகை நஷ்டத்தைத்தான், எவருக்கும் லாபமாகாத முழு நஷ்டம் என்று, பொருளாதார அறிஞர்கள் ஏகபோகத்தின் மேல் சுமத்தும் முதற்குற்றமாகக் கருதுகிறார்கள்.

சிமெண்ட் வழக்கில் இது வெட்டவெளிச்சமாக வந்தது. 2012 ஜூன் மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு கம்பெனிகள் உட்படப் பல சிமெண்ட் உற்பத்தியாளர்கள் மீது ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விலை ஏறியதோடு ஆணையம் நின்றுவிடவில்லை. ஆலைகளின் திறன் இருந்தும் உற்பத்தியும் அனுப்புதலும் குறைந்து, அதன் பின்னே விலை உயர்ந்ததையும் சேர்த்தே அது எடைபோட்டது. அந்த வருஷங்களில்தான் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் திருநின்றவூரிலும் மனைகளை வாங்கிப் போட்டவர்கள் மூட்டை விலையைப் பார்த்துப் பார்த்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்று மேஸ்திரிகள் சொல்லும் குற்றச்சாட்டும், ஆணையத்தின் தீர்ப்பும் ஒன்றையே கூறின.

சட்டம் யாருடைய க்ஷேமத்தை நாட வேண்டும் என்பதில் உலகத்தில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. 1890இல் ஷெர்மன் சட்டத்தை இயற்றிய அமெரிக்கா, அதைக் கொண்டு 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை 34 துண்டுகளாகப் பிரித்தபோது, விலையைப் பற்றிய கவலையோடு, ஒரு சிலருடைய பொருளாதார பலம் குடியரசின் சுதந்திரத்தையே விழுங்கிவிடும் என்ற அச்சமும் சேர்ந்திருந்தது. 1978இல் சட்ட அறிஞர் ராபர்ட் போர்க் எழுதிய நூலுக்குப் பிறகு, நுகர்வோரின் க்ஷேமம் ஒன்றே இச்சட்டத்தின் இலக்கு, அதற்கு அப்பாற்பட்டவையெல்லாம் நீதிபதிகளைத் திசைதிருப்பும் என்ற கொள்கை அங்கே ஓங்கியது. ஆயினும் போர்க் நுகர்வோர் க்ஷேமம் என்று குறித்தது உற்பத்தியாளரின் லாபத்தையும் சேர்த்துக் கூட்டிய மொத்த க்ஷேமத்தையே என்பதைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இரண்டு கம்பெனிகள் இணைவதால் உற்பத்திச் செலவு குறையலாம், அதே சமயத்தில் விலை ஏறவும் கூடும். செலவில் மிச்சமாவது பெரிதா, வாங்காமல் போனவர்களின் இழப்பு பெரிதா என்று தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஆலிவர் வில்லியம்ஸன் 1968இல் எழுதினார். அந்தத் தராசில் பங்குதாரனுடைய ஒரு ரூபாயும், பஸ்ஸில் போகும் தொழிலாளியினுடைய ஒரு ரூபாயும் ஒரே எடைதானா? மொத்த க்ஷேமம் என்கிறவர்கள் ஆம் என்கிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். நமது அரசியல் சாசனமும் அந்தக் கட்சியைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

நம் சட்டத்தின் முகப்புரை இந்த விவாதத்தில் தனக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. தேசத்தின் பொருளாதார வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, போட்டிக்குக் கேடான வழக்கங்களைத் தடுப்பதும், சந்தையில் போட்டியை வளர்த்துக் காப்பதும், நுகர்வோரின் நலத்தைப் பேணுவதும், சந்தையில் பங்கேற்கும் மற்றவர்களின் வணிக சுதந்திரத்தை உறுதி செய்வதும் என்று அது பல நோக்கங்களைச் சேர்த்தே கூறுகிறது. ஓர் ஒப்பந்தத்தால் போட்டி கெடுகிறதா என்று பார்க்கும் ஆணையம், புதியவன் புகுவதற்குத் தடை ஏற்படுகிறதா, இருப்பவன் விரட்டப்படுகிறானா என்பவற்றோடு, நுகர்வோருக்கு நன்மை உண்டா, உற்பத்தியும் விநியோகமும் மேம்படுமா, விஞ்ஞான முன்னேற்றம் விளையுமா என்பவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று 19ஆவது பிரிவு விதிக்கிறது. வாங்குகிறவனுடைய க்ஷேமமும் தொழில் செய்கிறவனுடைய சுதந்திரமும் ஒரே வாக்கியத்தில் வைக்கப்பட்டிருப்பது இலக்கண அலங்காரமல்ல என்பதற்கு, கார் உதிரிப் பாகங்களைப் பற்றிய வழக்கைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

2011இல் மூன்று கார் நிறுவனங்களுக்கு எதிராக வந்த ஒரு புகார், விசாரணையில் விரிந்து 17 நிறுவனங்களை உள்ளடக்கியது. குற்றச்சாட்டு எளிமையானது: காரின் அசல் உதிரிப் பாகங்களும், பழுதைக் கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் குறிப்புகளும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களுக்கே தரப்படுகின்றன, வெளியிலிருக்கும் மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவனாயினும் அவை அவனுக்குக் கிடைப்பதில்லை, வெளியில் ரிப்பேர் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையும் உண்டு. இதற்குப் பின்னால் மற்றொரு ஏற்பாடு இருந்தது. அந்தப் பாகங்களுள் பலவற்றைக் கார் நிறுவனம் தானே செய்வதில்லை. உதிரிப் பாகத் தொழிலகங்களிடம் செய்து வாங்குகிறது. ஆனால் அத்தொழிலகம் அதே பாகத்தைக் கார் நிறுவனத்தின் சம்மதமின்றி வெளிச் சந்தையில் விற்கலாகாது என்று ஒப்பந்தம் கட்டியிருந்தது. பாகத்தைச் செய்யத் தெரிந்தவன் அதை விற்க முடியாது. பழுது பார்க்கத் தெரிந்தவன் அதை வாங்க முடியாது. காருக்குச் சொந்தக்காரன் கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று பேருக்கும் ஒரே பூட்டுத்தான் போடப்பட்டிருந்தது.

கார் நிறுவனங்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். அது அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. கார்ச் சந்தையில் கடும் போட்டி இருக்கிறது, காரை வாங்குகிறவன் அதன் பிற்காலப் பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டே வாங்குகிறான், ஆகவே உதிரிப் பாகத்தைத் தனிச் சந்தையாகக் கருதுவது தவறு என்றும், தங்கள் அறிவுச் சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே அளித்திருக்கிறது என்றும், போலிப் பாகங்களால் உயிருக்கே ஆபத்து என்றும் அவை வாதித்தன. ஆணையம் இவற்றை ஏற்கவில்லை. எந்தப் பாகம் எந்த வருஷம் பழுதாகும், அப்போது அதன் விலை என்னவாக இருக்கும் என்பதை வாங்கும் நாளிலேயே கணக்கிடச் சாதாரணப் பிரஜையிடம் விவரம் கிடையாது. லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய காரை, ஒரு பாகத்தின் விலை ஏறிவிட்டது என்பதற்காக விற்றுவிட்டு வேறு காருக்கு மாறவும் அவனால் முடியாது. ஆதலால் ஒவ்வொரு நிறுவனமும் தன் காரின் உதிரிப் பாகச் சந்தையில் எதிரியற்ற ஆதிக்கம் உடையதே என்று ஆணையம் முடிவு செய்தது. அறிவுச் சொத்தைப் பற்றிய வாதம், அப்பாகங்களின் மேல் இந்தியாவில் தக்க உரிமை இருப்பதை நிரூபிக்காமையால் நிற்கவில்லை.

2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி 14 நிறுவனங்கள் மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மீது, சென்னை உயர் நீதிமன்றத்தில் அது தொடுத்திருந்த வழக்கு முடிந்த பின், 2015 ஜூலையில் தனியாக 420 கோடி விதித்தார்கள். அபராதத்தைவிட முக்கியமானது ஆணையம் பிறப்பித்த கட்டளை. உதிரிப் பாகத் தொழிலகங்கள் தங்கள் சரக்கை வெளிச் சந்தையில் விற்கத் தடை கூடாது. கார் நிறுவனத்தின் அறிவுச் சொத்து அதில் இருந்தால் அதற்கு நியாயமான ராயல்டியை வாங்கிக்கொள்ளலாம். வெளி மெக்கானிக்குக்கும் பாகமும் கண்டறியும் கருவியும் கிடைக்க வழி செய்ய வேண்டும். வெளியில் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யலாகாது. இந்தக் கட்டளையை எஸ்டேட்டின் கண்களால் படித்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்துக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிலகத்துக்கு ஒரு வாடிக்கையாளனுக்குப் பதில் பல வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். ஆவடி சாலையோரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத் தன் கைத்திறனை விற்க வழி திறக்கிறது. கார்க்காரனுக்குச் செலவு குறைகிறது. ஆவடித் தீர்மானம் லைசென்சால் அடைய முயன்று அடையாத பங்கீட்டை, ஓர் ஒப்பந்த வாசகத்தை நீக்குவதன் மூலம் அடையலாம் என்று இவ்வழக்குக் காட்டுகிறது. நுகர்வோர் க்ஷேமமா, சிறு தொழிலின் சுதந்திரமா என்று அறிஞர்கள் எதிரெதிரே நிறுத்தும் இரண்டும், பூட்டப்பட்ட சந்தையில் சேர்ந்தே அழிகின்றன, திறந்த சந்தையில் சேர்ந்தே பிழைக்கின்றன என்பது என் திடமான நம்பிக்கை.

ஆனால் சிறியவன் என்பதற்காக எவரையும் இச்சட்டம் விட்டுவிடுவதில்லை, விடவும் கூடாது. இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளில் பூச்சிகளைக் கொல்ல வாங்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்கு 2009 மே மாதம் டெண்டர் விட்டபோது, வெவ்வேறு கம்பெனிகள் கிலோ ஒன்றுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையைக் குறித்திருந்தன. அது கூட்டுச் சதியே என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது. ரயில்வேக்கு பிரேக் பிளாக்குகளை வழங்கிய பத்து நிறுவனங்கள் டெண்டர் விலைகளைப் பேசி வைத்து அளவுகளைப் பங்கிட்டுக்கொண்டதை 2020 ஜூலையில் ஆணையம் கண்டறிந்தது; எனினும் அவற்றுள் சிறு, குறு நிறுவனங்கள் இருப்பதையும், அவை விசாரணைக்கு ஒத்துழைத்ததையும், கொள்ளைநோய்க் காலத்தின் நெருக்கடியையும் கருதி, இனி இப்படிச் செய்யலாகாது என்ற கட்டளையோடு விட்டது. கருணையில் குற்றம் காண நான் விரும்பவில்லை. ஆயினும் டெண்டரில் கூடிப் பேசுகிறவன் திருடுவது ரயிலில் போகிறவனுடைய பணத்தையும் ரேஷன் அரிசி வாங்குகிறவளுடைய பணத்தையும்தான். எஸ்டேட் சங்கங்களில் விலைவாசி ஏற்றத்தைப் பற்றிக் கூடிப் பேசுவது இயல்பு. இந்த விலைக்குக் கீழே எவரும் கொட்டேஷன் போடக்கூடாது என்று அதே கூட்டத்தில் முடிவெடுப்பது சட்ட விரோதம் என்பதை அங்கே பலர் இன்னும் அறியவில்லை.

சட்டம் மெலிந்திருக்கும் இடம் ஒன்றும் உண்டு. ஏகபோகம் என்றால் விற்பவனையே நினைக்கிறோம். வாங்குபவன் ஒருவனாகவும் விற்பவர்கள் பலராகவும் இருக்கும்போதும் அதே நஷ்டம் விளைகிறது. கூலிக்குக் கடைசல் செய்யும் பட்டறை தன் இயந்திரம் முழுவதையும் ஒரே கம்பெனியின் டூலிங்குக்காக அமைத்துவிட்ட பிறகு, வருஷந்தோறும் விலையைக் குறைக்கச் சொன்னாலும் மறுக்க இயலுவதில்லை. அநியாயமான கொள்முதல் விலையை விதிப்பதும் ஆதிக்கத்தின் துஷ்பிரயோகமே என்று 4ஆவது பிரிவு கூறினாலும், முதலில் அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தப்பட்ட சந்தையில் ஆதிக்கம் உண்டு என்பதை நிரூபிக்க வேண்டியிருப்பதால், அந்த வழி குறுகலாகவே இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது பில்லின் தாமதத்துக்கு மருந்து; பேரத்தின் ஏற்றத்தாழ்வுக்கு அல்ல. ஆணையம் இப்பக்கத்தில் இன்னும் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

காலதாமதத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2012இல் தீர்ப்பான சிமெண்ட் வழக்கை, விசாரணையைக் கேட்காதவரும் உத்தரவில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015இல் ரத்து செய்தது. ஆணையம் 2016இல் மறுபடி விசாரித்து அபராதம் விதித்தது. 2018இல் அது உறுதியாகி, உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. கூடிப் பேசி விலையைத் தீர்மானித்ததாக டயர் கம்பெனிகளின் மேல் 2018இல் எழுதப்பட்ட உத்தரவு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கினால் உறைக்குள்ளேயே இருந்து 2022இல் வெளிவந்து, அந்த வருஷமே மறுபரிசீலனைக்குத் திருப்பப்பட்டது. 2023ஆம் வருஷத் திருத்தம், மேல்முறையீடு செய்கிறவர் அபராதத்தில் 25 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும் என்று விதித்தது ஓரளவு பயன் தரும். அதே திருத்தம், புகாரை மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் வரம்பு கட்டியிருக்கிறது.

2021 முதல் ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இயங்குகிறது. எவரும் புகார் கொடுக்கலாம். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. எனினும் ஒரே கம்பெனியின் ஆர்டரில் பிழைக்கும் பட்டறைக்காரன், பெயர் வெளிவராவிட்டாலும் விஷயத்தைக் கொண்டே தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அஞ்சுவான். அந்த அச்சம் நியாயமானது. அங்கே உதவக்கூடிய ஒரு வழியாக, மாநில அரசும் ஆணையத்துக்கு விஷயத்தை அனுப்பலாம் என்று சட்டம் தன் 19ஆவது பிரிவில் இடம் தந்திருக்கிறது. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் முதலிய பேட்டைகளிலுள்ள உற்பத்தியாளர் சங்கங்களிடமிருந்து ஒப்பந்த வாசகங்களைப் பெயரின்றித் திரட்டி, ஒரே மாதிரியான தடைகள் எங்கெங்கே காணப்படுகின்றன என்று சீர்தூக்கி, தன் பெயரிலேயே ஆணையத்துக்கு அனுப்பும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசின் சிறு தொழில் துறை ஏற்றுக்கொள்ள வேண்டும்.